வயதானவர்கள் முதுகில் ‘சொடக்கு’ எடுக்கலாமா? பாம்பன் கடலோரப் பெண்களின் இடுப்பு வலியும் கைரோபிராக்டிக்கும்

செல்போனைத் திறந்தாலே இந்த ரீல்ஸ் கண்ணில் படும். ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். இன்னொருவர் முதுகில் கை வைத்து ஒரே அழுத்து. ‘சடக்’ என்று சத்தம். எழுந்தவர் முகத்தில் சிரிப்பு. பார்ப்பவருக்கு, ‘நம்ம அம்மாவையும் கூட்டிட்டுப் போனா என்ன?’ என்று தோன்றும்.

ராமநாதபுரம் கடலோரத்தில் இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. பாம்பன், சின்னப்பாலம், ராமேஸ்வரம் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்து பாசியைப் பறித்து, இடுப்பில் கட்டிய பையில் போடுகிறார்கள். கரையேறும்போது ஈரப்பாசியின் கனம் மொத்தமும் இடுப்பில்தான். பேரன் பேத்தி எடுத்த பிறகும் கடலில் இறங்குபவர்கள் இருக்கிறார்கள். வலி வந்தால் தைலம், மெடிக்கல் ஷாப் மாத்திரை, இல்லாவிட்டால் சுளுக்கு எடுப்பவர். (அந்த மாத்திரையைத் தினமும் போட்டால் வயிற்றுப்புண், கிட்னி பாதிப்பு வரலாம். பிபி இருப்பவர்களுக்கு இன்னும் கவனம் தேவை.)

கைரோபிராக்டிக் என்றால் என்ன?

முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தித் தரும் சிகிச்சை. 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி.பால்மர் தொடங்கியது. பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்புதான் காரணம் என்றார் அவர். அதை இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை.

அந்தச் சத்தம்? விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தம் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழால் வருவது. விரலில் சொடக்கு எடுப்போமே, அதேதான்.

வலி குறையுமா?

சிலருக்குக் குறையும். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சி, மசாஜ் ஆகியவற்றோடு இந்தக் கை சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் அது நிபந்தனையோடு கூடிய பரிந்துரைதான். நம்மூரில் பலர் கட்டிக்கொள்ளும் இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டுதல்.

அப்போ ஆபத்து எங்கே?

‘எலும்பு தேய்மானம்’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, மூட்டு தேய்வது. இன்னொன்று, எலும்பே வலுவிழந்து பஞ்சு மாதிரி ஆவது, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம். முற்றிய நிலையில் குனிந்து குடத்தைத் தூக்கினாலே முதுகெலும்பு நொறுங்கலாம். அந்த முதுகில் வேகமாக அழுத்தினால் என்ன ஆகும்? உயரம் குறைந்திருந்தாலோ, கூன் விழுந்திருந்தாலோ, லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்திருந்தாலோ முதலில் எக்ஸ்ரேயும் எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனும் தேவையா என டாக்டரிடம் கேட்க வேண்டும்.

கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பது தனி ஆபத்து. அபூர்வமாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்துகொள்ளவே கூடாது.

இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கு எனத் தனிக் கவுன்சில் கிடையாது. போர்டு மாட்டியவர் என்ன படித்திருக்கிறார் என்று நாம்தான் கேட்க வேண்டும். கேட்பதில் தப்பில்லை.

செலவில்லாமல் என்ன வழி?

2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை மட்டுமல்ல, தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்கலாம். நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, தினசரி நடை போன்ற பயிற்சிகளை யார், எவ்வளவு செய்யலாம் என்று அவர்கள் சொல்வார்கள்.

கால் மரத்துப் போவது, திடீரெனச் சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது, முதுகு வலியோடு காய்ச்சல், விழுந்த பிறகு தாங்க முடியாத வலி: இதில் எது இருந்தாலும் முதுகில் யாரையும் கை வைக்க விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் இலவசம்.