பெயரை மறைத்த பதிப்பகம்

லண்டனில் 1799இல் தோன்றிய சமயத் துண்டு வெளியீட்டுச் சங்கம், சிறு பிரசுரங்களால் மக்களை நெறிப்படுத்த முயன்றது. விக்டோரியா காலத்துச் சிறுவர்களோ, ஒரு பென்னிக்குக் கிடைத்த கொலை, கொள்ளைக் கதைகளையே நாடினர். கண்டிப்பதைவிடப் போட்டியிடுவதே மேல் எனச் சங்கம் உணர்ந்தது. 1879இல் அதே விலையில் ‘பாய்ஸ் ஓன் பேப்பர்’ என்னும் வார இதழைக் கொணர்ந்தது. மறு ஆண்டு சிறுமியருக்கும் ஓர் இதழ். ஜூல்ஸ் வெர்னின் சாகசக் கதைகளும் விளையாட்டும் சிறுவர் இதழை நிறைத்தன. உபதேச வாடை சிறுவரை விரட்டிவிடும் என்று அஞ்சி, வெளியிடுவோர் பெயராக ‘லெஷர் அவர் அலுவலகம்’ என அச்சிட்டனர். இதனை ஏமாற்று என்போர் உண்டு. நான் அடக்கம் என்பேன். அவ்விதழ் 1967 வரை வாழ்ந்தது. பிள்ளைகளின் கைப்பேசியைப் பழிக்கும் நாம், அதற்கு ஈடாக எதைத் தருகிறோம்?