செர்ரிப் பழத்தின் இரகசியம்

பிறந்தநாள் கேக்கின் உச்சியில் செக்கச் செவேலென்று வீற்றிருக்கும் செர்ரியை அறியாதவர் நம்மில் எவர்? அந்த ஒன்றுக்காகத் தம்பி தங்கையரோடு நாம் சண்டையிட்டதும் உண்டு. ஆனால் நம் ஊர் பேக்கரிகளில் அப்பெயரில் கிடைப்பது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏறிய களாக்காயே! உண்மையான இனிப்புச் செர்ரி குளிர்ப் பிரதேசத்து மரத்தின் கனி. நம் நாட்டில் காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் விளைகிறது. களாக்காயின் சிவப்பு சாயத்தால் வந்தது. செர்ரியின் சிவப்பு எங்கிருந்து வந்தது?

நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்து, பாரம்பரியத்தின் விதிகளைக் கண்டவர் மெண்டல் என்னும் துறவி என்பதைப் பாடத்தில் படித்திருக்கிறோம். அவருடைய கட்டுரை 1866ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே விதிகள் செர்ரி மரத்திலும் செயல்படுவதைக் காணலாம்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1875ஆம் ஆண்டு கிடைத்த ஒரு புகழ் பெற்ற இரகம் 'பிங்'. அத்தோட்டத்தில் உழைத்த சீனத் தொழிலாளி ஒருவரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. கருஞ்சிவப்புப் பழம் அது. வாஷிங்டன் மாநிலத்தில் 1952ஆம் ஆண்டு, ஹரால்டு ஃபோகிள் என்ற ஆராய்ச்சியாளர் அதனைக் கருஞ்சிவப்பான 'வேன்' இரகத்துடன் கலந்தார். பிறந்த கன்றுகளில் ஒன்று, சிவப்பு படர்ந்த மஞ்சள் நிறப் பழத்தைத் தந்தது! அதுவே 'ரெய்னியர்'.

சிவந்த பெற்றோருக்கு மஞ்சள் பிள்ளை எப்படி? செர்ரியின் செல்லில் எட்டு ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. மூன்றாவது ஜோடியில் உள்ள ஒரு ஜீன், சிவப்பு நிறப் பொருளான அந்தோசயனின் உற்பத்தியை விளக்கின் ஸ்விட்சு போல முடுக்கிவிடுகிறது. சிவப்பு ஓங்கிய பண்பு. மஞ்சள் ஒடுங்கிய பண்பு. பெற்றோர் இருவரிடமும் மஞ்சளுக்குரிய ஜீன் ஒவ்வொன்று மறைந்திருந்தது. அவ்விரண்டும் ஒரு விதையில் சேர்ந்தபோது மறைந்திருந்த பண்பு வெளிப்பட்டது. மெண்டலின் கணக்குப்படி, இத்தகைய பெற்றோரின் பிள்ளைகள் நால்வரில் ஒருவருக்கு இது நேரும்.

நிறத்தைவிட விவசாயிக்குக் கவலை தருவது பழுக்கும் காலம். வாழைத்தாரையும் மாங்காயையும் வெட்டி வந்து வீட்டில் பழுக்க வைக்கிறோம். செர்ரியை அவ்வாறு செய்ய இயலாது. பறித்த பின் அதன் இனிப்பு கூடுவதில்லை. ஆகவே அது மரத்திலேயே முழுதும் பழுக்க வேண்டும். அவ்வேளையில் மழை பெய்தால் பழம் நீரை உறிஞ்சித் தோல் வெடித்துவிடும். ஓராண்டு உழைப்பு ஒரு மழையில் பாழாகும்! வாஷிங்டன் மாநிலத்தில் ஹெலிகாப்டரைத் தாழப் பறக்கவிட்டு, அதன் காற்றால் மரங்களை உலர்த்துகிறார்கள் என்றால் அவர்களுடைய கவலையைப் புரிந்துகொள்ளலாம்.

மழைக்கு முன்பே பழுக்கும் இரகம் இருந்தால்? பழுக்கும் நாளைப் பெரிதும் நிர்ணயிக்கும் பகுதி நான்காவது குரோமோசோமில் உள்ளதை 2012ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. செர்ரியின் உறவினர்களான பீச், ஆப்ரிகாட் பழங்களிலும் அப்பகுதியே இவ்வேலையைச் செய்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல். பழத்தின் உறுதியைப் பாதிக்கும் பகுதியும் அதே குரோமோசோமில் இருக்கிறது. முந்திப் பழுப்பவை பெரும்பாலும் மென்மையாக இருந்து, தொலைதூரப் பயணத்தில் நசுங்குகின்றன. முந்தியும் பழுக்க வேண்டும், உறுதியாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒரே மரத்தில் சேர்ப்பதே இன்றைய ஆராய்ச்சியாளர்களின் முயற்சி.

முன்பெல்லாம் இதற்குப் பெரும் பொறுமை வேண்டியிருந்தது. விதையிட்ட செர்ரி காய்க்கவே நான்கைந்து ஆண்டுகள் ஆகும். ஆயிரம் கன்றுகளை வளர்த்தாலும் தேறுபவை சிலவே. 1952இல் கலந்த ரெய்னியர், 1960இல்தான் விவசாயிகளை அடைந்தது. இப்போதோ சிறு கன்றின் ஓர் இலையைக் கிள்ளி, அதிலுள்ள டி.என்.ஏ.வைச் சோதித்தே, பழம் சிவப்பா மஞ்சளா, முந்தியா பிந்தியா என்று பெருமளவு ஊகிக்கலாம். 2017ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர்கள் தங்கள் நாட்டு 'சாட்டோநிஷிகி' இரகத்தின் ஜீன் தொகுதியைப் படித்து வெளியிட்டது இத்தகைய வேலைக்குத் துணையாயிற்று.

எனினும் தோழியரே, இலையைச் சோதித்தால் ருசி தெரியாது. தேறிய கன்றை நட்டு, நீர் ஊற்றி, காய்க்கும் வரை காத்திருந்து, பழத்தைத் தின்று பார்த்தே முடிவு சொல்ல வேண்டும். விஞ்ஞானம் வீண் உழைப்பைக் குறைத்திருக்கிறது. காத்திருத்தலை அடியோடு நீக்கிவிடவில்லை. அடுத்த முறை கேக்கின் மேல் சிவப்பாக ஒன்றைக் கண்டால், அது களாக்காயா செர்ரியா என்று முதலில் பார்ப்போம். செர்ரியாயின், அதன் பின்னே நிற்கும் பலருடைய பல்லாண்டுப் பொறுமையை நினைத்து, தம்பிக்கும் பாதி கொடுப்போம்!