மூட்டுவலி வந்தால் கம்பைக் கீழே போடலாமா?



சில மாதங்களுக்கு முன் சிலம்ப வாத்தியார் ஒருவர் என்னிடம் வந்தார். ஈப்போ பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். திருவிழா என்றால் சாமி ஊர்வலத்துக்கு முன்னே அவர் கம்புதான் சுழலும்.

"டாக்டரையா, முழங்கால் மடங்க மாட்டேங்குது. இனிமே கம்பைப் பரண்மேல போட வேண்டியதுதான்" என்றார். முகம் உப்பியிருந்தது. பாசார் மாலாமில் வாங்கிய மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். "இதைப் போட்டா ஒரே நாள்ல வலி பறந்துடுதுங்க!"

"வாத்தியாரே, ஆபத்து கம்பில் இல்லை, இந்தப் பொட்டலத்தில்தான் இருக்கு" என்றேன்.

இப்படி விற்கும் சில மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. வலி அடங்கும், ஆனால் முகம் உப்பும், இனிப்புநீர் ஏறும், எலும்பு பலமிழக்கும். பல வாரம் சாப்பிட்டவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு உடனே கிளினிக் செல்லுங்கள்.

மூட்டுவலி எல்லாம் ஒன்றல்ல. குந்தி மரம் சீவி, பால் வாளி சுமந்து வரும் முழங்கால் வலி பெரும்பாலும் தேய்மானம். காலையில் இரு கை விரல்களும் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு டாக்டர் மருந்து அவசியம். தாமதித்தால் மூட்டு கோணிவிடும்.

சரி, வலியோடு வித்தை பழகலாமா? சிட்னியில் டாக்டர் பால் லாம் என்பவர் இருக்கிறார். அவருக்கே மூட்டுத் தேய்மானம். சீனர்களின் தாய்ச்சி பழகித் தேறிய அவர், 1997-இல் மூட்டுவலிக்காரர்களுக்கென்றே ஒரு தாய்ச்சி முறையை அமைத்தார். அதிகம் குனியாமல், நிமிர்ந்த நிலையில் மெதுவாக அடி வைக்கும் முறை அது. முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குத் தாய்ச்சி நல்லது என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டி அழுத்தமாகச் சொல்கிறது.

அதில் சிலம்பத்தின் பேச்சு இல்லை. ஆனால் தொடை பலப்பட்டால் முழங்காலின் பாரம் குறையும் என்பது நமக்கும் பொருந்தும். ஆகவே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இப்படிச் செய்யுங்கள்:

பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். முதலில் கை கால்களை மெல்ல அசைத்துச் சூடேற்றுங்கள்.

குந்தல், தாவல், கால் முறுக்கித் திரும்புதல் வேண்டாம். நின்றபடி காலடியும் மெதுவான வீச்சும் போதும்.

லேசான கம்பாக எடுங்கள். விரல் வலித்தால் பிடிக்கும் இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிப்பாக்குங்கள்.

பழகி இரண்டு மணி நேரம் கழித்தும் வலி முன்னைவிட அதிகமாயிருந்தால், மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டு சிவந்து, வீங்கி, சுட்டால் அன்று கம்பைத் தொடாதீர்கள். காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உடல் எடையையும் கவனியுங்கள். ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறது.

வாத்தியார் இப்போது கிளினிக் மருந்து சாப்பிடுகிறார். முன்போல் தாவுவதில்லை. ஆனால் மாலையில் கோயில் திடலில் நின்றபடியே பிள்ளைகளுக்குக் காலடி சொல்லித் தருகிறார். கம்பு பரணுக்குப் போகவில்லை, தோழர்களே!