பெரியாற்று ஏரிக்கரையில் ஓர் ஆற்றுப்படை

பரிசில் பெற்று மீள்பவன் ஒருவன், வறுமையோடு எதிரே வருபவனைக் கண்டு, இன்ன வள்ளலிடம் செல்க, இன்ன வழியாற் செல்க என்று சொல்லி விடுப்பதை ஆற்றுப்படை என்பர் தமிழ் நூலார். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையின. அவ்வைந்தினுள்ளும் வழியைப் பற்றி மிக விரிவாகப் பேசுவது பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் அப்பாட்டு 583 அடிகள் கொண்டது. மலைச்சாரலில் எவ்விடம் வழுக்கும், பன்றிக்கு வைத்த பொறி எங்கே கிடக்கும், புனங்காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்குதல் வேண்டும் என்றெல்லாம் உடன் நடந்து வருபவர் போலப் புலவர் சொல்லிச் செல்வார்.

இப்பாட்டை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வருகின்றேன். ஆனால் மலை ஏறி அறியேன். யான் யாழ்ப்பாணத்தவன். எம் நாட்டில் கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. மலை அதன் பெயரில் மட்டுமே உள்ளது. குறிஞ்சித் திணையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியே காலங் கழித்தவன் ஒருவன் ஐம்பது வயதுக்கு மேல் மலைக் காட்டில் கூடாரமிட்டுத் தங்க நேர்ந்த கதையையே ஈண்டு எழுதுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கருத்தரங்கு ஒன்றன் பொருட்டு மதுரைக்குச் சென்றிருந்தேன். அது முடிந்ததும், பேரியாற்றங்கரையைக் காணாமல் ஊர் திரும்பலாகாது என்று அங்குள்ள நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் தேவியோடும் சுற்றத்தோடும் மலைவளங் காணச் சென்று தங்கியது பேரியாற்று மணற்கரையிலேயே. கண்ணகி வேங்கை மர நிழலில் நின்று விண்ணகம் புக்க செய்தியை அரசன் அவ்விடத்தேதான் கேட்டான். அதனை அவனுக்குச் சொன்னோர் மலைவாழ் குறவர். அக்கண்ணகிக்கு அவன் எடுத்த விழாவில் நம் கயவாகு மன்னனும் இருந்தான் என்று காப்பியம் கூறும். மட்டக்களப்பில் வைகாசி தோறும் கண்ணகை அம்மனுக்குக் கதவு திறப்போர் நாட்டிலிருந்து சென்ற ஒருவன், அவ்வாற்றைக் காணாது திரும்புதல் முறையோ?

தேனி, கம்பம் வழியாகப் பஸ் சென்றது. இருமருங்கும் நெல் வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும். மலையடிவாரத்தில் லோயர் காம்ப் என்னும் இடத்தில், மலையிலிருந்து பெருங் குழாய்கள் இறங்கி மின் நிலையத்துள் நுழைவதைக் கண்டேன். மேற்கே கடலுக்கு ஓடிய பேரியாற்றின் நீரை அணையால் மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் பக்கம் திருப்பியவர் பென்னிகுவிக் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். 1886இல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். 1895இல் அணை நிறைவேறியது. சுண்ணாம்பும் செங்கற்பொடியும் சேர்த்த சாந்தினாற் கட்டியது. லோயர் காம்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் திறந்தனர். கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் வீடுகளில் அவர் படம் சுவாமி படங்களின் பக்கத்தே தொங்குவதும் உண்டு. அணையின் உறுதி பற்றியும் நீர்மட்டம் பற்றியும் இரு மாநிலங்கள் நீதிமன்றம் வரை சென்று வாதிட்ட கதை நீண்டது. அதற்குள் நான் புகவில்லை.

அணை எழுந்தபோது பள்ளத்தாக்கில் நின்ற காடு நீருள் மூழ்கியது. அவ்வாறு தோன்றிய ஏரியின் பரப்பு ஏறத்தாழ 26 சதுர கிலோமீற்றர். மூழ்கிய மரங்களின் அடிகள் இன்றும் கறுத்துப்போய் நீருக்கு மேலே நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றின்மேல் அமர்ந்து சிறகை விரித்து உலர்த்துகின்றன. ஏரியைச் சூழ்ந்த காட்டை 1899இல் ஒதுக்கினர். 1950இல் அது பெரியாறு வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 1978இல் புலிகள் காப்பகம். இப்பொழுது அதன் பரப்பு 925 சதுர கிலோமீற்றர். வாசற்புறமான தேக்கடி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உளது. அருகிலுள்ள சிற்றூர் குமுளி.

ஏரியைப் படகிலிருந்து காண்போரே மிகப் பலர். நண்பர் எனக்கு ஏற்பாடு செய்திருந்ததோ இரண்டு பகல் நடையும் ஓர் இரவுத் தங்கலும். ஐந்தாறு பேருக்கு மேல் ஒரு குழுவிற் சேர்ப்பதில்லை. ஊரார் ஐவர் வழிகாட்டிகளாகவும் சமையலாளராகவும் வருவர். வனக் காவலர் ஒருவர் துவக்கோடு வருவார்.

புறப்படு முன்பே ஓர் இடர். வெள்ளை வேட்டியோடும் சால்வையோடும் போய் நின்ற என்னைப் பார்த்துக் காவலர் தலையை அசைத்தார். வெள்ளை நிறம் விலங்குகளின் கண்ணில் வெகு தொலைவிலேயே படும் என்றார். குமுளிக் கடையில் ஒரு காக்கிக் காற்சட்டை வாங்கி அணிந்தேன். பண்டிதர் ஒருவர் காற்சட்டையோடு நின்ற கோலத்தை என் மாணவர் காணாதது என் நல்வினையே. அதன்மேல் முழங்கால் வரை இழுத்துக் கட்டும் கன்வஸ் உறை ஒன்று தந்தனர், அட்டைக்குக் காப்பு. உறையின்மேல் மூக்குப்பொடி தூவினர். மூக்குப்பொடிக்கு இப்படியொரு பயன் உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன்.

மூங்கில் தெப்பத்தில் ஏரியைக் கடந்தோம். 2009 செப்டெம்பர் 30ஆம் நாள் இவ்வேரியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை நான் அறிவேன். மிதப்புச் சட்டையின் வாரை இருமுறை இறுக்கிக்கொண்டேன். சற்றுத் தொலைவில் மன்னான் என்னும் குடியினர் சிறு தெப்பங்களில் இருந்து வலை இழுத்தனர். முன்னாளில் இக்காட்டுள்ளே வாழ்ந்தோர். பின் குமுளிப் பக்கத்தே குடியமர்த்தப்பட்டோர். தம் முன்னோர் மதுரைப் பாண்டியனோடு மலை ஏறி வந்தவர் என்பது அவர்கள் மரபுக் கதை.

கரையேறியதும் புல்வெளி, அதற்கப்பால் சோலை. முன்னே சென்ற வழிகாட்டிக்கு என் வயதிருக்கும். மெலிந்த உடல். அவர் நடக்கும்போது சருகு ஒலிப்பதில்லை. எனக்கோ ஒவ்வோர் அடியும் ஒரு பறை. தரையைப் பார்த்து நடந்துகொண்டே மரக்கிளையிற் கருமந்தி இருப்பதை அவர் எப்படிக் கண்டார் என்பது எனக்கு விளங்கவில்லை. ஈரமண்ணில் யானைத் தடத்தைக் காட்டி, அதனுட் புல் நிமிராதிருத்தலைக் கொண்டு, விடியலிற் சென்றது என்றார். காட்டெருதுகள் பதினைந்து இருபது ஏரியோரத்தில் மேய்ந்தன. நீர்நாய்க் குடும்பம் ஒன்று கரையில் மீனைக் கடித்து இழுத்தது. இருவாட்சிப் பறவை தலைக்கு மேலே பறந்தபோது எழுந்த சிறகொலியைத் துருத்தி ஊதுவது போல என்றே சொல்லலாம். புலியைக் காணவில்லை. ஒரு மரப்பட்டையில் நகக் கீறல் கண்டோம், அவ்வளவே. இலங்கையில் நாம் புலி என்று சொல்வது சிறுத்தையை. வரிப்புலி நம் காடுகளில் இல்லை. ஆதலால் அக்கீறலையே நெடுநேரம் நின்று பார்த்தேன்.

மாலையில் நீரருகே ஒரு மேட்டில் கூடாரங்கள் அடித்தனர். சோறு, சாம்பார், அப்பளம். இருட்டியதும் தீ வளர்த்துச் சுற்றி இருந்தோம். அப்பொழுதே வழிகாட்டி தம் கதையைச் சொன்னார்.

அவர் முன்பு இதே காட்டில் களவெடுத்தவர். வயண மரத்தின் பட்டையை உரித்து விற்பது தொழில். நம் கறுவாவின் இனத்தைச் சேர்ந்த காட்டு மரம் அது. இரவில் நுழைந்து, பகலிற் பாறைக் குகைகளில் ஒளிந்து உறங்கி, மூட்டையைத் தலையிற் சுமந்து மறுபடி இரவில் வெளியேறுவார்களாம். மரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகும். அப்படி எத்தனை மரம் என்று கேட்டேன். விரலை மடக்கத் தொடங்கியவர், சிரித்துக் கையை விட்டுவிட்டார்.

கூலி கொஞ்சம், இலாபம் வியாபாரிக்கு. பிடிபட்டால் அடியும் வழக்கும் இவர்களுக்கு. 1990களின் பிற்பகுதியில், உலக வங்கியின் உதவியோடு நடந்த ஒரு திட்டத்தின்கீழ் வனத்துறையினர் இவர்களோடு பேசினர். இவர்கள் களவை விடுவது, துறை வழக்குகளை விடுவது என்பது உடன்பாடு. அன்று தொட்டு அவர்கள் பயணிகளுக்கு வழிகாட்டினர்; களவு செய்வோர் நுழையும் ஒற்றையடிப் பாதைகளையும் காவல் காத்தனர். அப்பாதைகளை அவர்களைப் போல அறிந்தவர் வேறு யார்?

தீயின் மறுபுறம் இருந்த காவலரைக் காட்டி அவர் சொன்னார்: "அன்னைக்கும் துப்பாக்கி என் முதுகுக்குப் பின்னாடிதான் சார். இன்னைக்கும் பின்னாடிதான்." காவலர் தேநீர்க் கோப்பையை அவரிடம் நீட்டினார். இருவரும் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து பிள்ளைகளோடு பசித்திருந்தவன் காட்டுக்குட் போனதைக் களவு என்று ஒரு சொல்லில் முடித்துவிட என்னால் இயலவில்லை. பட்டுப்போன மரங்களையும் மறக்க இயலவில்லை.

பின் அவர் என் தொழிலைக் கேட்டார். மலைபடுகடாத்தைப் பற்றிச் சொன்னேன். கவண்கல், பன்றிப்பொறி எல்லாவற்றையும் ஆர்வத்தோடு கேட்டார். "உங்க ஊர்ல மலை இல்லேங்கிறீங்க. அப்புறம் பிள்ளைகளுக்கு எப்படி சார் சொல்லிக் கொடுக்கிறீங்க?" என்றார். உரையைக் கொண்டு என்றேன். உரை என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை.

இரவெல்லாம் அவர்கள் முறைவைத்துத் தீயைக் காத்தனர். ஏரிக்கு அப்பால் ஒரு மரை அபாயக் குரல் எழுப்பியது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. யான் உறங்கினேன் என்று சொன்னால் அது பொய்.

மறுநாட் காலை மேட்டின்மேல் ஏறிக்கொண்டிருக்கையில் ஏரியிலிருந்து மூடுபனி எழுந்தது. சில நிமிடங்களில் முன்னே நடப்பவர் முதுகும் மறைந்தது. பாத்திரங்களோடு முன்னே போன இருவரும் எங்கோ பிரிந்துவிட்டனர். நாம் நடந்தே தேடலாம் என்றேன். வழிகாட்டி என் தோளைப் பற்றி, அகன்ற பாறை ஒன்றில் எங்களை அமர்த்தினார். "பனியில வழி தெரியலைன்னா நடக்கக் கூடாது சார். இருந்த இடத்துலயே இருந்து சத்தம் குடுக்கணும். தெரிஞ்சவன் தேடி வருவான்." இவ்வாறு சொல்லி, வாயருகே கைகளைக் குவித்துக் கூவினார். மூன்றாம் முறை கூவியபோது வலப்புறத்திலிருந்து எதிர்க்கூவல் வந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வழி தப்பினால் நடவாதீர்கள். அகன்ற பாறையில் கூடியிருந்து உங்கள் இசைக்கருவிகளை ஒலியுங்கள். கானவர் கேட்டு வந்து நல்வழி காட்டுவர் என்று பெருங்கௌசிகனார் கூத்தர்க்குச் சொல்லியிருக்கின்றார். அப்பகுதியை யான் முப்பது ஆண்டும் எவ்வாறு விளக்கினேன்? நன்னன் நாட்டு மக்களின் விருந்தோம்பற் பண்பைச் சிறப்பித்தற்குப் புலவர் செய்த புனைவு என்றேன். தேர்விலும் அவ்வாறே எழுதச் செய்து புள்ளி இட்டேன். அது புனைவன்று, மலையில் உயிர் பிழைக்கும் விதி. அவ்விதியைப் புலவருக்கும் ஒரு கானவனே சொல்லியிருத்தல் வேண்டும். என்னிடம் அப்பாடத்தைக் கேட்டுப் போனோர் இன்று பல பாடசாலைகளில் ஆசிரியர்கள். அவர்களுக்கு யான் எங்கிருந்து கூவுவது?

போக விரும்பும் அன்பர்களுக்கு இரண்டொரு வார்த்தை. ஆனி முதற் புரட்டாதி வரை பெருமழையும் அட்டையும், அம்மாதங்களை விலக்குக. பங்குனி சித்திரையில் உட்காட்டு நீர் வற்றுதலால் யானைகள் ஏரிக்கு மிகுதியாக வரும். வாசனைத் தைலம் வேண்டா. முழங்கால் வலி உடையோர் வீம்பு பாராட்டாது படகிற் செல்க.

பனி விலகியபின் இறங்கும் வழியில், வழிகாட்டி ஒரு மரத்தடியில் நின்றார். மார்பளவு உயரத்தில் பட்டையில் நீண்ட வடு. ஒருபுறம் மட்டும் உரிக்கப்பட்டு, ஓரங்கள் தடித்து மூடிக்கொண்டு வந்திருந்தது. தாம் உரித்துக்கொண்டிருக்கையில் காவலர் வரும் ஒலி கேட்டு விட்டோடிய மரம் என்றார். வடுவின்மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நின்றார். பின் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி என்னிடம் தந்தார். கறுவா மணம். மாணவர்க்குக் காட்டலாம் என்று அதனைச் சட்டைப்பையில் இட்டேன்.

"வேணாம் சார். இலைகூட வெளிய போகக்கூடாது. இங்கேயே போட்டுருங்க" என்றார்.

போட்டேன். விரல்களில் மணம் குமுளி வரையில் இருந்தது.