ஒரு லட்சம் முறைதான் எழுதலாம்!

வாஷிங் மெஷினில் துணி பாதி துவைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் கட். அரை மணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததும், பல மெஷின்கள் யாரும் பட்டனைத் தொடாமலே விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கின்றன. வீடே இருட்டாகக் கிடந்த நேரத்தில், ‘துவைத்தாயிற்று, இன்னும் அலசவில்லை’ என்ற தகவலை அது எங்கே வைத்திருந்தது?

இத்தகைய கருவிகளின் மூளை, மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிச் சிப். அதிலுள்ள ரேம் நினைவகம் ஸ்லேட்டுப் பலகை மாதிரி. மின்சாரம் போனால் எல்லாம் அழிந்துவிடும். மறக்கக் கூடாததை எழுதிவைக்க ‘ஈஈப்ராம்’ என்ற இன்னொரு நினைவகம் உண்டு. சில கருவிகளில் அது சிப்புக்குள்ளேயே இருக்கும். சிலவற்றில் பக்கத்திலேயே தனிச் சிப்பாக இருக்கும்.

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் பார்க்கும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஏடிமெகா 328பி சிப்பில் ஈஈப்ராம் வெறும் 1,024 பைட். இன்று வழக்கத்தில் உள்ள யுனிகோடு முறையில் ‘தமிழ்’ என்று எழுதவே 15 பைட் வேண்டும்! ஆனால், இடம் குறைவு என்பதுகூடப் பெரிய சிக்கல் இல்லை. ஒவ்வொரு பைட்டிலும் ஒரு லட்சம் முறை எழுதுவதற்குத்தான் உத்தரவாதம்.

ஏன் இந்தக் கணக்கு? ஈஈப்ராமில் ஒரு தகவலை எழுதுவது என்றால், மிக மெல்லிய ஆக்சைடு படலத்தின் வழியே எலெக்ட்ரான்களைத் தள்ளி, அந்தப் பக்கம் சிறைவைப்பது. மின்சாரம் இல்லாவிட்டாலும் அவை பல்லாண்டுகள் அங்கேயே கிடக்கும். ஆனால், ஒவ்வொரு முறை தள்ளும்போதும் படலம் துளித்துளியாகச் சேதமாகிறது. படிப்பதால் தேய்மானம் இல்லை, எழுதினால்தான் தேயும்.

தண்ணீர்த் தொட்டியின் அளவை விநாடிக்கு ஒரு முறை ஒரே இடத்தில் பதியும்படி ஒரு மாணவர் புரோகிராம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் விநாடி என்பது 28 மணி நேரம்கூட இல்லை. கண்காட்சியின் இரண்டாம் நாளே உத்தரவாதம் தீர்ந்துவிடும்! இடைவெளியே விடாமல் எழுதினால் இன்னும் மோசம். ஒரு பைட் எழுத சுமார் 3.3 மில்லி விநாடி என்பதால், ஐந்தரை நிமிடத்தில் கதை முடிந்தது. அதையே மணிக்கு ஒரு முறை எழுதினால் 11 ஆண்டுகள் தாங்கும்.

விளையாட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2021-ல் அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்ததற்கு, இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபிளாஷ் நினைவகம்தான் காரணம். அந்த 8 ஜி.பி. சிப் எழுதி எழுதித் தேய்ந்துபோக, நடுத்திரை செயலிழந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் காட்டும் கேமராவும் அதோடு போனது. சில ஆயிரம் ரூபாய் பொருளில் என்றால் பரவாயில்லை; காரில்?

சரி, என்ன செய்யலாம்? ஆர்டுயினோவில் ‘ரைட்’ கட்டளைக்குப் பதில் ‘அப்டேட்’ கட்டளையைப் பயன்படுத்தலாம். மதிப்பு மாறியிருந்தால் மட்டுமே அது எழுதும். ஒரே இடத்தைத் தேய்க்காமல், 100 இடங்களில் சுற்றிச்சுற்றி எழுதினால் ஆயுளும் ஏறக்குறைய 100 மடங்கு. இன்னொரு வழி இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. மின்னழுத்தம் இறங்குவதைக் கண்டுபிடித்து, கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்சாரத்தில் கடைசி மூச்சில் உயில் எழுதுவதுபோல் ஒரே ஒரு முறை எழுதிவிடுவது. பாதி எழுதும்போதே உயிர் போய்விட்டால் தகவல் குளறுபடியாகிவிடும் என்பதால், அனுபவசாலிகள் இரண்டு பிரதிகள் வைத்துக்கொள்கிறார்கள்.

புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம்: இதுவரை எதுவும் எழுதாத ஈஈப்ராமைப் படித்தால் பூஜ்ஜியம் வராது, 255 என்றுதான் வரும். போர்டு பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.