மீண்டும் ஓடும் கிளையோடைகள்: வியன்னாவிற்குக் கிழக்கே தன்யூப் வெள்ளச் சமவெளி

ஆறு என்றதும் இரு கரைகளுக்கிடையே ஓடும் ஒரே நீரோட்டத்தையே நாம் மனத்திற் கொள்கின்றோம். ஆயின் சமவெளியிற் பாயும் பேராறுகள் பல, மனிதன் கைவைப்பதற்கு முன்னர் அவ்வாறு ஓடவில்லை. அவை பல கிளையோடைகளாகப் பிரிந்தும், தீவுகளைச் சூழ்ந்து மீண்டும் கூடியும், வெள்ளக் காலத்திற் கரையோரக் காடுகளினுட் பரவியும் ஓடின. கிளையோடைகளை இழந்த ஆறு எதனை இழக்கின்றது? இழந்ததை மீட்டல் எவ்வளவிற்கு இயலும்? இவ்விரு வினாக்களுக்கும் விடைகாண, ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவிற்கும் சிலோவாக்கிய எல்லைக்கும் இடைப்பட்ட தன்யூப் ஆற்றுப் பகுதியை நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

கட்டுண்ட ஆறு

1870ஆம் ஆண்டு தொடக்கம் 1875ஆம் ஆண்டு வரை வியன்னா நகரையடுத்த தன்யூப் ஆறு நேராக்கப்பட்டது. வெள்ளத்தினின்று நகரைக் காத்தலும் கப்பற் போக்குவரத்திற்கு ஆழமான வழியமைத்தலும் இதன் நோக்கங்களாகும். இப்பணி பின்னர் கிழக்கு நோக்கி விரிவுற்றது. கரைகள் பாறைக் கற்களால் அணைக்கப்பட்டன; கிளையோடைகளின் வாய்கள் அடைக்கப்பட்டன. ஓடைகளினூடே குறுக்கணைகளும் எழுந்தன.

இதன் விளைவுகள் இரண்டு திசைகளில் அமைந்தன. வாயடைக்கப்பட்ட ஓடைகளினுள் பெருவெள்ளத்தின்போது மட்டுமே ஆற்றுநீர் புகுந்தது. அவ்வாறு புகுந்த நீர் நுண்ணிய வண்டலை விட்டுச் சென்றதேயன்றி, அதனை அரித்தகற்றும் வேகம் அதற்கு இருக்கவில்லை. எனவே ஓடைகள் சிறிது சிறிதாகத் தூர்ந்தன. மறுபுறத்தில், ஒரே வழியில் ஒடுக்கப்பட்ட தலையாறு விரைவுற்றுத் தன் படுக்கையையே அரிக்கலாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் மேற்புறத்தே வரிசையாக எழுந்த நீர்மின் அணைகள் பரற்கற்களைத் தடுத்து வைத்துக்கொண்டமையால் இவ்வரிப்பு மேலும் கடுமையாயிற்று. ஆற்றுப் படுக்கை ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் தாழ்ந்து வந்துள்ளது. இது அற்பமெனத் தோன்றலாம். ஆயின் ஐம்பது ஆண்டுகளில் அது ஒரு மீற்றராகும். ஆறு தாழ நிலத்தடி நீரும் உடன் தாழும். ஒருபுறம் ஓடை மேடாக, மறுபுறம் ஆறு பள்ளமாக, இரண்டிற்குமிடையே இருந்த உறவு அறுந்தது.

1984இன் திருப்பம்

ஐன்பூர்க் என்னுமிடத்தில் ஆற்றை மறித்து மின்நிலையமொன்றை அமைக்கும் திட்டம் இவ்வெள்ளச் சமவெளியின் எஞ்சிய பகுதியையும் அழித்துவிடும் என்ற அச்சத்தை எழுப்பியது. 1984 டிசெம்பரில் ஆயிரக்கணக்கான மக்கள் உறைபனியிற் காட்டினுட் கூடாரமடித்துத் தங்கி, மரம் வெட்டும் பணியைத் தடுத்தனர். டிசெம்பர் 19ஆம் நாள் பொலிசாருடன் கைகலப்பு ஏற்பட்டது. அதன் பின்னர் அரசாங்கம் நத்தாரை முன்னிட்டுப் பணிகளை நிறுத்தியது. 1985 சனவரியில் நிர்வாக நீதிமன்றமும் தடை விதித்தது. அணை எழவில்லை. 1996 ஒக்டோபரில் இப்பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

எனினும் ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. அணையைத் தடுத்தமை காட்டைக் காத்ததேயன்றி ஓடைகளைக் காக்கவில்லை. அணையின்றியே அவை தூர்ந்துகொண்டிருந்தன. ஆகவே காத்தல் என்னும் நிலையினின்று மீட்டல் என்னும் நிலைக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

வாய் திறத்தல்

1990களின் பிற்பகுதியில் தென்கரையிலுள்ள ஆஸ்லவ் - றெகெல்ஸ்புறூண் ஓடைத் தொகுதியும், தொடர்ந்து வடகரையிலுள்ள ஓர்த், சோனவ் ஓடைகளும் ஆற்றுடன் மீண்டும் இணைக்கப்பட்டன. கையாளப்பட்ட முறை எளிமையானது. கரையோர அணைப்பு சில இடங்களில் தாழ்த்தப்பட்டு நீர் புகும் வாய்கள் அமைக்கப்பட்டன. உள்ளேயிருந்த குறுக்கணைகள் வெட்டித் திறக்கப்பட்டன. வாய்களின் உயரத்தைத் தீர்மானிப்பதிலேயே நுட்பம் தங்கியுள்ளது. மிகத் தாழ்வாக வெட்டினால் இலையுதிர்கால, குளிர்காலக் குறைநீரின்போது தலையாற்றின் ஆழங் குன்றிக் கப்பல்கள் தரைதட்டும். மிக உயரமாக விட்டால் ஓடை பழையபடி வெள்ளத்திற்கே காத்திருக்கும். முன்னர் ஆண்டிற் சில நாட்களே நீரோட்டங் கண்ட றெகெல்ஸ்புறூண் ஓடைகள் இப்போது ஆண்டின் பெரும்பகுதியில் ஓடுகின்றன.

ஓடையின் உள்ளே

இத்தகைய ஓடையொன்றின் வாயிலிருந்து கீழ்நோக்கி நாம் நடந்து செல்வோமாயின் பல வாழிடங்களை அடுத்தடுத்துக் காணலாம். வாயை அண்டிய பகுதியில் நீர் கலங்கி விரைந்தோடும். வளைவின் வெளிப்புறத்தே கரை செங்குத்தாக இடிந்து நிற்கும். இவ்விடிபாட்டைச் சேதமெனக் கருதுதல் தவறு. மீன்கொத்தி வளைதோண்டி முட்டையிடுவது இத்தகைய வெறுங்கரையிலேயேயாகும். உட்புறத்தே பரற்றிடல் படிகின்றது. அதில் உப்புக்கொத்திப் பறவை கற்களோடு கற்களாக முட்டையிடும். வில்லோ, பொப்லார் மரங்களின் விதைகள் அவ்வீரப் பரப்பில் முளைக்கும். பழைய காட்டின் நிழலில் இவ்விளங்கன்றுகள் எழுவதில்லை. ஆறு புதிய நிலத்தை ஆக்கினாலன்றி இம்மரங்களுக்கு மறுபிறப்பில்லை எனலாம்.

மேலும் கீழே சென்றால் நீர் அகன்று மெதுவாகின்றது. வண்டல் படிய நீர் தெளிகின்றது, தெளிந்த நீரினுள் ஒளி புகுகின்றது, அல்காக்கள் பெருகுகின்றன. அவற்றை உண்ணும் நுண்விலங்குகள் மீன்குஞ்சுகளுக்கு இரையாகின்றன. தலையாற்றின் வேகத்தையும் கப்பல்கள் எழுப்பும் அலைகளையும் தாங்கமாட்டாத குஞ்சுகளுக்கு இவ்வாழமற்ற, வெதுவெதுப்பான நீர் தொட்டிலாக அமைகின்றது. ஒட்சிசன் குறைந்த சேற்றிலே பற்றீரியாக்கள் நைத்திரேற்றைச் சிதைத்து நைதரசன் வாயுவாக வெளியேற்றுதலால் ஆற்றுநீரும் ஓரளவு தூய்மையடைகின்றது. 1970களில் மீண்டும் குடியேற்றப்பட்ட பீவர்கள் வீழ்த்திய மரங்கள் ஓடையிற் கிடந்து நீரோட்டத்தைத் திருப்பி, புதிய குழிகளையும் திடல்களையும் தோற்றுவிக்கின்றன.

தீராத பிரச்சினைகள்

அவ்வாறாயின் எல்லா ஓடைகளையும் இணைத்துவிடலாமன்றோ எனின், அதுவும் பொருந்தாது. ஒஸ்திரியாவில் அற்றுப்போயிற்று எனக் கருதப்பட்ட சேற்றுமீன் ஒன்று 1992இல் இச்சமவெளியில் மீண்டும் கண்டறியப்பட்டது. காற்றுப்பையினாற் சுவாசிக்கவல்ல இச்சிறுமீன், களைகள் அடர்ந்த தேங்குநீரிலேயே வாழும். அங்கே நீரோட்டத்தைப் புகுத்தின் அது அழியும். ஓடுநீர், மெதுநீர், தேங்குநீர், வற்றுங்குழி ஆகியன யாவும் அருகருகே இருத்தலே வெள்ளச் சமவெளியின் செல்வமாகும்.

இதனினும் பெரிய பிரச்சினை படுக்கை தாழ்தலாகும். இன்று சரியான உயரத்தில் அமைந்த ஓடைவாய், ஆறு மேலும் தாழுமாயின் சில தசாப்தங்களில் மீண்டும் நீர்மட்டத்திற்கு மேலே நிற்கும். இதனைத் தணிப்பதற்காக அணைகளுக்குக் கீழே பரற்கற்கள் செயற்கையாகக் கொட்டப்படுகின்றன. ஐன்பூர்க்கின் எதிர்க்கரையில் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளத்திற்குக் கரைக்கற்கள் அகற்றப்பட்டுள்ளன. ஆறு பக்கவாட்டில் அரிக்க இடம்பெறின் கீழ்நோக்கி அரிக்கும் விசை குறையும் என்பதே இதன் அடிப்படையாகும். எனவே ஓடையை மீட்டல் ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. ஆற்றோடு தொடர்ந்து நடத்தவேண்டிய பணியாகும்.

ஐன்பூர்க் போராட்டம் நிகழ்ந்த அதே 1984ஆம் ஆண்டிலேயே எமது நாட்டிலும் மகாவலியின் வெள்ளச் சமவெளி தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. அங்குள்ள வில்லுகளும் ஆற்று வெள்ளத்தையே உயிராகக் கொண்டவை. நிலத்திற்கு எல்லை வகுத்துப் பாதுகாத்தல் எளிது. அந்நிலத்தை ஆக்கிய வெள்ளத்தைப் பாதுகாத்தலே அரிது. தன்யூப் கரையிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் இதுவேயாகும்.