வைஸ்ராய் அனுப்பிய பிறந்தநாள் பரிசு
கடலோரத் தடங்கள் – 17

ஞாயிற்றுக்கிழமை மாலையில் முட்டுக்காடு படகுத்துறைப் பக்கம் போனால் இந்தக் காட்சி தப்பாது. வேனிலிருந்து கேக் பெட்டியோடு ஒரு குடும்பம் இறங்கும். நடுவில் பட்டுப்புடவையில் ஒரு பாட்டி. அவருக்கு எழுபது. நம் சம்பிரதாயத்தில் எழுபதுக்கு பீமரத சாந்தி உண்டு. ஆனால் அங்கே எண்ணப்படுவது அப்பாவின் வயது. அம்மாவுக்குப் பக்கத்து மணை. அப்பா போய்விட்டால் அந்த மணையும் இல்லை. அம்மாவின் வயதை அம்மாவுக்காகவே கொண்டாடுவது நாம் புதிதாகப் பழகிக்கொண்டது.

இதே கடற்கரையில் வடக்கே அடையாறில், பிரம்மஞான சபையின் விருந்தாளியாக வந்திருந்த ஒரு தாய்க்கு 1940 ஆகஸ்ட் 31 அன்று எழுபது வயது நிறைந்தது. மரியா மாண்டிசோரி. நம் ஊரில் தெருவுக்குத் தெரு பள்ளிப் பலகையில் இருக்கும் அதே பெயர்தான்.

அவர் வந்தது 1939 நவம்பரில். அழைத்தவர் அப்போதைய சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவியின் கணவர். முந்நூறு பேருக்கு மேல் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். தோப்புக்குள் கீற்றுக் கொட்டகைகள் எழுந்தன. அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். கூட வந்திருந்த மகன் மாரியோ அதை ஆங்கிலத்தில் சொல்வார்.

1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர்கள் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். வயதான அம்மையாரை முகாமுக்கு அனுப்பவில்லை. நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு மட்டும் விதித்தார்கள். பேச்சுக்குத் துணையாக இருந்தவரே பக்கத்தில் இல்லை.

பிறந்தநாளுக்கு வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. எழுபதாம் பிறந்தநாளுக்கு என்ன தரலாம் என்று நெடுநாள் யோசித்தோம், உங்கள் மகனைத் திருப்பித் தருவதே சிறந்த பரிசு என்று தோன்றியது என்பது அதன் சாரம். பிடித்து வைத்தவர்களே விடுவித்துவிட்டு அதைப் பரிசு என்பது ஆட்சியாளர்களுக்கே உரிய சாமர்த்தியம். ஆனாலும் அந்தத் தந்தி இன்னொரு காரியமும் செய்தது.

மாரியோ பிறந்தது 1898-ல், திருமண உறவுக்கு வெளியே. இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரான மாண்டிசோரிக்கு, விஷயம் வெளியே தெரிந்தால் தொழிலையே விட்டுவிட வேண்டியிருக்கும் என்ற நிலை. குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பம் வளர்த்தது. பதின்ம வயதில்தான் அவன் தாயோடு வந்து சேர்ந்தான். அப்புறமும் ஊருக்கு அவன் அவருடைய உறவுக்காரப் பிள்ளை, அல்லது வளர்ப்பு மகன். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் வழி சொன்னவர் பெற்ற பிள்ளையை மகன் என்று வெளியில் சொல்ல முடியாமல் நாற்பது ஆண்டுகளைக் கடந்திருந்தார். அரசாங்கத் தந்தி சுற்றி வளைக்காமல் மகன் என்றே குறிப்பிட்டது.

முட்டுக்காட்டுக்கும் இந்த அம்மையாருக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. 1907-ல் ரோமின் சான் லொரென்ஸோ பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் திறப்பதற்கு முன்பே, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடுதான் அவர் வேலையைத் தொடங்கினார். கையால் தொட்டு, எடுத்து, அடுக்கிக் கற்கும் முறை அங்கே உருவானது. அத்தகைய பிள்ளைகளுக்காக முட்டுக்காட்டிலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது. வளர்ந்த பிள்ளையைத் தோளில் தாங்கியபடி பஸ்ஸிலிருந்து இறங்கும் அம்மாக்களை அங்கே பார்க்கலாம். பாட்டிகளும் சித்திகளும்கூட வருவார்கள்.

படகில் வெட்டும் கேக்கைக் குறை சொல்ல வரவில்லை. அம்மாவுக்கு எழுபது என்றால் மண்டபம் பேசுவதற்கு முன்னால், யாரைப் பார்க்க ஆசை என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். துபாயிலிருக்கும் மகனாக இருக்கலாம். பேச்சுவார்த்தை நின்றுபோன தங்கையாக இருக்கலாம். பிள்ளையைத் தோளிலிருந்து இறக்க முடியாத அம்மாவுக்கோ தேவையே வேறு. "இன்னிக்கு ஒரு நாள் நான் பார்த்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்கக்கா" என்று யாராவது சொன்னால், அவருக்கு அதைவிடப் பெரிய பிறந்தநாள் இல்லை.

(அடுத்த இதழில்: போர்க்காலத்தில் கொடைக்கானல் சென்ற தாயும் மகனும்)